ஷுட்கா சந்தையில் ஒன்று முதல் பத்து வரை

வணக்கம் மக்களே! சந்தைக்குள் நிற்கிறேன், பின்னால் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது வட மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேவின் ஓரத்தில் இருக்கும் ஷூட்டோ ஒரிசாரி. ஊர்க்காரர்களுக்கு ஷுட்கா. 1963 நிலநடுக்கத்தில் நகரம் இடிந்த பிறகு, வீடிழந்த ரோமா குடும்பங்கள் பல இங்கே குடியேறின. ரோமா என்றால், வெளியார் 'ஜிப்ஸி' என்பார்களே, அந்த மக்கள். 1996 முதல் தனி நகராட்சி. அவர்கள் பேசும் ரோமானி மொழி இங்கே அலுவல் மொழியும்கூட.

கூடாரம், குதிரை வண்டி எல்லாம் எங்கே என்று தேடாதீர்கள். மாடி வீடு, கல்யாண உடுப்புக் கடை, செல்போன் கடை, அவ்வளவுதான். ஐரோப்பாவில் ரோமா மக்கள் ஏறத்தாழ ஒரு கோடி. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தலைமுறைகளாக ஒரே ஊரில் வாழ்பவர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தக்காளி விற்கிற அக்கா சில்லறை எண்ணினார்: யெக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச், ஷோவ். ஹிந்தி காதில் விழுந்தவர்களுக்கு உடனே பிடிபடும். ஆனால் ஏழு வந்ததும் எஃப்தா, ஒஹ்தோ, எஞ்ஞா! மூன்றும் கிரேக்கம். பத்துக்கு மறுபடி தெஷ். பத்து எண்ணுவதற்குள், கிரேக்கம் பேசிய பழைய பேரரசான பைசாந்தியம் போய்த் திரும்பிவிட்டார்.

இந்தியாவிலிருந்து இவர்கள் வந்த வழி ஏட்டில் இல்லை, பேச்சில்தான் இருக்கிறது. அதிர்ஷ்டத்துக்கு 'பக்த்', அது பாரசீகத்தில் எடுத்தது. குதிரைக்குச் சொல்லும் 'க்ராஸ்த்' ஆர்மீனியாவில். பாதைக்கு 'த்ரோம்', அது கிரேக்கம். அடியில் கிடப்பது மட்டும் வட இந்திய மொழி. 1780-களிலேயே ஜெர்மானிய அறிஞர்கள் இதை எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று: சிலுவைக்கு ரோமானியில் 'த்ருஷுல்'. ஆமாம், திரிசூலம்தான்! பாதிரியார் 'ராஷாய்', ரிஷியிலிருந்து வந்தவர். மனிதன் 'மனுஷ்', அதை நான் விளக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் இந்த ஊர் ரோமாக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள்.

'ஜிப்ஸி' என்ற பெயர், எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று யாரோ தப்பாக நினைத்ததில் ஒட்டிக்கொண்டது. ரோமாக்களில் பலருக்கு அது வசைச்சொல். நம் ஊரில் நரிக்குறவரையும் ஜிப்ஸி என்று எழுதுகிறார்கள். அவர்கள் வேறு, இவர்கள் வேறு. நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி குஜராத்திக்கு நெருக்கமானது. ஊர் ஊராகப் போகிறவர்கள் எல்லாம் ஒரே கூட்டம் என்பது பார்க்கிறவரின் சோம்பேறித்தனம்.

அப்புறம், ரோமாக்கள் கட்டுப்பாடில்லாமல் பறந்து திரிய ஆசைப்படுகிறவர்கள் என்கிற இந்த 'சுதந்திரப் பறவைகள்' கதை. அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. இன்றைய ருமேனியாவின் வலாக்கியாவிலும் மால்டாவியாவிலும் இவர்கள் நூற்றாண்டுகளாக அடிமைகள். அரசரும் பிரபுக்களும் மட்டுமல்ல, மடாலயங்களும் இவர்களை உடைமையாக வைத்திருந்தன. 1855, 1856-ல்தான் அது ஒழிந்தது. 1944 ஆகஸ்ட் 2 இரவு ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜிகள் 4,000-க்கும் மேற்பட்ட ரோமா மக்களையும் சிந்தி (Sinti, ஜெர்மன் பேசும் பகுதிகளில் வாழும் ரோமா கிளையினர்) மக்களையும் விஷவாயுவில் கொன்றார்கள். அதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு 2007: செக் குடியரசின் ஓஸ்த்ராவாவில் ரோமா பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியோர் பள்ளிகளில் தள்ளியது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பறந்து திரிய ஆசைப்பட்டவர்களா இவர்கள்?

பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. தக்காளிக்கு நானே காசு எண்ணிக் கொடுத்தேன். ஆறு வரை ஒழுங்காகச் சொன்னேன். ஏழுக்கு ஹிந்தி நினைப்பில் 'சாத்' என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்து, "எஃப்தா, எஃப்தா" என்று என் கையிலிருந்து அடுத்த நாணயத்தை எடுத்துக்கொண்டார்.