கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம். கண்ணால் பார்க்க வேண்டிய சித்திரக்கதைக் கலையைப் பற்றி வானொலியில் பேச வந்திருக்கிறேன். அதனால் மூன்று கட்டங்களை மட்டும் மனசுக்குள் வரைந்துகொள்ளுங்கள்.

முதல் கட்டம், வைகாசிக் கடைசி. வெடித்துக் கிடக்கும் வாய்க்கால், ஒரு மதகு, கரையில் ஒரு கொக்கு. இரண்டாவது கட்டத்தில் அதே இடம், அதே கோணம். மதகடியில் கையகலத்துக்கு ஈரம், கொக்கைக் காணோம். மூன்றாவதில் கரை தொட்டுத் தண்ணீர்.

ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஜூன் 12 வாக்கில் மேட்டூரைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வர எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களை நீங்களே நடுவில் போட்டுக்கொண்டீர்கள். சித்திரக்கதையின் பாதி வேலை, கட்டங்களுக்கு இடையே உள்ள அந்த வெள்ளைச் சந்தில்தான் நடக்கிறது. மூன்றாவது கட்டத்தின் தலையில் 'சில நாட்கள் கழித்துத் தண்ணீர் வந்தது' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், பக்கம் செத்துவிடும். படம் சொன்னதையே எழுத்தும் சொல்வது, புதிதாக எழுதுகிறவர்கள் விழும் முதல் குழி.

இந்த வாசிப்பு நமக்குப் புதிதல்ல. தாராசுரம் கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சின்னச் சின்னச் சிற்பக் கட்டங்களாக வரிசையில் ஓடுகின்றன, யாருடைய கதை என்ற குறிப்பும் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. அதைவிடத் திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து விதானம் இன்னும் நெருக்கம். தியாகராசரை இந்திரலோகத்திலிருந்து முசுகுந்தன் என்ற மன்னன் கொண்டுவந்த கதை அங்கே பட்டை பட்டையாகத் தீட்டப்பட்டு, கீழே தமிழில் விளக்கமும் எழுதப்பட்டிருக்கிறது. முசுகுந்தனுக்குக் குரங்கு முகம். கூட்டத்துக்கு நடுவில் எத்தனை முறை வந்தாலும் 'இதோ இவன்தான்' என்று தெரிந்துவிடும். இன்றைக்குக் காமிக்ஸ் வரைகிறவர்களும் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்: முகத்தைக் கருநிழலாக்கினாலும் ஆளை அடையாளம் தெரிய வேண்டும். இந்திரன், ஒன்று போலவே இருக்கும் ஏழு மூர்த்திகளை முசுகுந்தன் முன்னே வைத்து, உன்னுடையதை எடுத்துக்கொள் என்கிறான். எது அசல் என்று முசுகுந்தனோடு சேர்ந்து நாமும் தேடுகிறோம். கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

அச்சுக்கு வருவோம். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதிலிருந்து, தமிழில் நாம் படித்ததில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு. அதில் ஒரு தொழில் சிக்கல் உண்டு. பாத்திரங்கள் பேசுவதை எழுதும் ஆங்கில பலூன்களில் பெரும்பாலும் 'கேபிடல்' எழுத்துகள். மேலும் கீழும் ஒரே கோட்டில் நிற்கும். தமிழிலோ 'கி'க்கு மேலே வளைவு, 'கு'வுக்குக் கீழே சுழி. வரிக்கு வரி இடைவெளி கூட வேண்டும், சொல்லும் நீளம். அங்கே ஐந்து வரி நின்ற பலூனில் இங்கே மூன்று வரிதான் நிற்கும். எழுத்தைச் சிறிதாக்கினால் கண் நோகும், பலூனைப் பெரிதாக்கினால் பின்னால் வரைந்தது மறையும். 'நான் இப்பொழுதே புறப்படுகிறேன்' என்பதைக் 'கிளம்புறேன்' என்று சுருக்கத் தெரிந்தவரே நல்ல மொழிபெயர்ப்பாளர். முதலில் பேசுபவரின் பலூன் இடப்பக்கம் மேலே வர வேண்டும் என்பதும் வரைவதற்கு முன்பே முடிவாக வேண்டியது. மறந்தால் பதில் முன்னால் வந்து கேள்வி பின்னால் வரும்.

இப்போது சினிமா. பக்கத்தில் நேரம் வாசகர் கையில் இருக்கிறது. திரையில் இயக்குநர் கையில். ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த வாட்ச்மென் என்ற காமிக்ஸ், 1986, 87இல் 12 இதழ்களாக வந்தது. பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது கட்டம். அதன் ஐந்தாம் இதழில் முதல் பக்கத்தின் அமைப்பு கடைசிப் பக்கத்தில் கண்ணாடிபோலத் திரும்பி வரும், இரண்டாம் பக்கம் கடைசிக்கு முந்தையதில், இப்படியே நடுப்பக்கம் வரைக்கும். 2009இல் வந்த படம் பல கட்டங்களை அச்சு அசலாகத் திரையில் வைத்தது. ஆனால் முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்கும் கை தியேட்டரில் இல்லையே! அந்தப் படத்தின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, விசுவாசத்தை அது தவறான இடத்தில் காட்டியது என்கிறேன். மர்ஜான் சத்ரபி தன் பெர்செபோலிஸ் சித்திரக்கதையைத் தானே இன்னொருவருடன் சேர்ந்து 2007இல் படமாக்கியபோது கட்டங்களை விட்டுவிட்டார். கருப்பு வெள்ளைக் கோடுகளை மட்டும் விடவில்லை. கடந்த காலம் கருப்பு வெள்ளையில், நிகழ்காலம் வண்ணத்தில். எனக்கு அதுதான் சரியான தழுவல்.

நம் வாய்க்காலையே படமாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டங்களையும் மூன்று ஷாட்டாக வரிசையில் வைத்தால் ஒன்றும் நடக்காது. காமிராவைத் தரையோடு தரையாக வைக்க வேண்டும். தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கும்போது உள்ளே அடைபட்ட காற்று குமிழி குமிழியாக வெளியே வரும், பொரி பொரிகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் அந்தச் சத்தத்தை வரைய முடியாது. அது வேண்டியமட்டும் கேட்கட்டும் என்று, கொக்கை மறந்துவிட வேண்டியதுதான்.