பெயரைச் சொல்லவே நேரமாகும், பரவாயில்லையா?

நேயர்களுக்கு வணக்கம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சின் நடுவே சட்டென்று சத்தம் நின்றால் ரேடியோவைத் தட்டாதீர்கள், செல்போனில் கேட்கிறவர்கள் நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள். நான்தான் ஏதோ ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்குத் திக்குவாய். பதிவு செய்து, நிற்கிற இடங்களை வெட்டிவிடட்டுமா என்று நிலையத்தில் கேட்டார்கள், வேண்டாம் என்றேன். திக்குவாய் உள்ளவர்கள் வேலை தேடுவதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டுவிட்டுத் திக்குவதை எடுத்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம் இருக்கும்?

நான் ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தவன், தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். பெங்களூர்த் தமிழர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை, ஆனால் திக்குகிறவனுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு மொழியில் சொல் வரவில்லையா, அடுத்த மொழிக்குத் தாவிவிடலாம். பஸ்ஸில் ‘அல்சூர்’ என்று கேட்க வாயைத் திறந்தால் அந்த ‘அ’ தொண்டையிலேயே நின்றுவிடும், உடனே ‘ஹலசூரு’ என்று கன்னடத்தில் கேட்டுவிடுவேன், மூச்சோடு வருகிற எழுத்து என்பதால் எனக்கு அது லேசு. மல்லேஸ்வரத்துக்கு அப்படி வேறு பெயர் கிடையாது. ‘ம’ வராத நாட்களில் மெஜஸ்டிக்கில் ஏறி, அதைத் தாண்டி இருக்கிற யஷ்வந்தபுரத்துக்கு டிக்கெட் வாங்கி மல்லேஸ்வரத்திலேயே இறங்கியிருக்கிறேன். கூடுதல் காசு போனால் போகட்டும் என்று.

வேலை தேடும்போதும் நம்மில் பலர் இதைத்தான் செய்கிறோம். போக வேண்டிய இடத்தைக் கேட்பதில்லை, வாயில் வருகிற இடத்துக்கு டிக்கெட் எடுக்கிறோம். ஆசிரியராக ஆசைப்பட்ட பெண் டேட்டா என்ட்ரிக்குப் போகிறாள், விற்பனையில் கெட்டிக்காரனாக வரக்கூடியவன் குடோனில் சரக்கு எண்ணுகிறான். டேட்டா என்ட்ரியோ குடோனோ மட்டமான வேலை இல்லை, விரும்பிப் போனால் சந்தோஷம். பயந்து போய் உட்கார்ந்தால்தான் சிக்கல்.

இதில் சொந்தக்காரர்களின் பங்கு நிறைய. “உனக்கு எதுக்குப்பா வம்பு, கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிடு, யாருகிட்டயும் பேச வேண்டாம்” என்று எத்தனை மாமாக்கள், எத்தனை சித்தப்பாக்கள்! அவர்கள் யாரும் ஐடி கம்பெனிக்குள் காலை வைத்ததில்லை என்று நினைக்கிறேன். காலையில் போனதும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய் என்று வரிசையாக ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நமக்கு முன்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள், நான்கு, மூன்று என்று எண்ணிக்கொண்டு நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பது என்ன மாதிரி என்பது திக்குகிறவர்களுக்குத்தான் தெரியும். அது முடிந்தால் கிளையண்ட் கால், மதியம் டெமோ. பேசாத வேலை என்று ஒன்று இந்த ஊரில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதனால் பேச்சிலிருந்து தப்பிப்பதற்கென்று ஒரு வேலையைத் தேடாதீர்கள், பிடித்த வேலையைத் தேடுங்கள், திக்குவது எப்படியும் கூடவே வரும்.

திக்குவாய் என்றால் பயம் என்று பலர் நினைக்கிறார்கள். பயத்தால் அதிகமாகும், பயத்தால் உண்டாவதில்லை. பேச்சுக்கான தசைகளை மூளை நேரம் பார்த்து இயக்குகிற விதத்தில் இருக்கிற வேறுபாடு அது, பரம்பரையாகவும் வரும். குழந்தைகளில் 100க்கு 5 பேர் அளவுக்கு ஏதோ ஒரு வயதில் திக்குகிறார்கள், பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது, பெரியவர்களில் 100க்கு ஒருவர் அளவில் மிஞ்சுகிறோம், அதிலும் ஆண்கள்தான் அதிகம். பெங்களூரில் ஒரு கோடிக்கும் மேல் ஜனம், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டி நாக்கில் வசம்பு தேய்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசச் சொன்னார், கிரேக்க நாட்டில் டெமாஸ்தனிஸ் என்பவர் அப்படிச் செய்ததாக ஒரு கதை உண்டு. கல்லை விழுங்காமல் இருந்தேனே, அதுவே பெரிய காரியம்.

இன்னொன்றும் உண்டு. தனியாக இருக்கும்போது திக்காது, பாடினால் திக்காது, நாலு பேரோடு சேர்ந்து ஒரே குரலில் சொன்னால் திக்காது. இதனால்தான் “வீட்டுல நல்லாத்தானே பேசறான், இன்டர்வியூவில மட்டும் என்னவாம்?” என்கிற சந்தேகம் பெற்றவர்களுக்கே வந்துவிடுகிறது. சொந்தப் பெயரைச் சொல்லுவதுதான் பலருக்கு மிகவும் கஷ்டம், அதற்கு மாற்றுச் சொல் கிடையாதே. இன்டர்வியூ ஆரம்பிப்பதோ பெயரில்தான்.

சரி, என்ன செய்யலாம்? நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உங்களுக்குத் திக்குவாய் உண்டு என்பதை இன்டர்வியூ எடுக்கிறவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்ததும், முதல் கேள்விக்கு முன்னால். “எனக்குத் திக்குவாய் உண்டு, சில சொற்கள் வர நேரமாகும், நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம், நானே முடித்துவிடுவேன்.” இவ்வளவுதான். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ, இன்டர்வியூ எந்த மொழியோ அதில் சொல்லுங்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்லாதீர்கள், ‘சாரி’ என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். கண்ணாடி போட்டவன் கண்ணாடிக்காக மன்னிப்பா கேட்கிறான்?

“சொன்னா எடுக்க மாட்டாங்களே” என்பார்கள். அதற்காகவே எடுக்காதவர்கள் நீங்கள் சொல்லாவிட்டாலும் எடுக்கப் போவதில்லை, திக்குவது அவர்கள் காதில் விழாமலா போகும்? சொல்லாதபோது அவர்கள் அதற்கு வேறு பெயர் வைக்கிறார்கள், அவ்வளவுதான். சில வருஷங்களாக நானே இன்டர்வியூ எடுக்கிற பக்கத்தில் உட்காருகிறேன். பதில் தெரியாமல் தடுமாறுகிறான், தன்னம்பிக்கை போதாது, ரெஸ்யூமில் இருப்பது பொய்யாக இருக்கும் என்று கூட இருக்கிறவர்கள் குறிப்பு எழுதுவதைப் பார்க்கிறேன். கெட்டவர்கள் இல்லை, தெரியாதவர்கள். ஒரு வரி சொல்லியிருந்தால் இந்த மூன்றில் எதையும் எழுத அவர்களுக்குக் கை வராது.

மறைக்க முடிகிற அளவுக்கு லேசாகத் திக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் மறைக்கிற வேலை சும்மா நடப்பதில்லை, பாதி மூளை அடுத்த சொல்லுக்கு மாற்று தேடிக்கொண்டே இருக்கும், மீதிப் பாதிதான் கேள்விக்கு. தொழில் சொற்களுக்கு மாற்றும் கிடையாது. ‘இண்டெக்ஸ்’ வரவில்லை என்று சுற்றி வளைத்து வேறு எதையோ சொன்னால் இவனுக்கு இண்டெக்ஸே தெரியாது போல என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார். ஒருமுறை டேட்டாபேஸ் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பையன் ‘டெட்லாக்’ என்கிற சொல்லின் (இரண்டு வேலைகள் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு நகராமல் நின்றுவிடுவதற்குப் பெயர் அது) முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான், கண்ணை மூடவில்லை, வேறு சொல்லுக்கும் ஓடவில்லை, நின்று, சொல்லி முடித்துவிட்டு, “சார், இதுதான் டெட்லாக்” என்றான். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவனை எடுத்தோம், ஜோக்குக்காக இல்லை, அதற்கு அப்புறம் அவன் தந்த விளக்கம் அன்றைக்கு வந்த யாருடைய விளக்கத்தையும்விடத் தெளிவாக இருந்தது.

சார்லஸ் வான் ரைப்பர் என்று ஒரு அமெரிக்கர் இருந்தார். திக்குவாய்ச் சிகிச்சையில் பெரிய பெயர், அவரே கடுமையாகத் திக்கியவர். இளவயதில் பேச்சினால் வேலையில் நிலைக்க முடியாமல், காது கேட்காத, வாய் பேசாத ஆளாக நடித்து ஒரு பண்ணையில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். படித்தவர்! பிற்பாடு வழியில் ஒரு கிழவரைச் சந்தித்தாராம், அவரும் திக்குகிறவர், சொல்லோடு மல்லுக்கட்டாமல் அதன் போக்கில் கசிய விட்டுப் பேசிக்கொண்டிருந்தார். திக்காமல் பேச முயல்வதை விட்டுவிட்டுச் சுலபமாகத் திக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வான் ரைப்பருக்கு அங்கேதான் தோன்றியது, அவருடைய சிகிச்சை முறையே அதன் மேல் எழுந்தது. வேண்டுமென்றே, சுலபமான சொல்லில் லேசாகத் திக்கிக் காட்டுகிற பயிற்சியும் அதில் உண்டு. கேட்டால் கிறுக்குத்தனமாக இருக்கும். பலசரக்குக் கடையில் ஒரு வாரம் செய்து பாருங்கள். கடைக்காரருக்குத் துவரம் பருப்பு எவ்வளவு என்பதில்தான் கவலை, நீங்கள் ‘து’வை எத்தனை தடவை சொன்னீர்கள் என்பதில் இல்லை.

நேர்முகத் தேர்வுக்கு முன்னால் போன் வருமே, அதுதான் பலருக்கும் பெரிய தடை. தெரியாத நம்பர், எச்ஆரிலிருந்து ஒரு அவசரக் குரல், நமக்கு ‘ஹலோ’ வரவில்லை. முகம் தெரியாததால் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவார்கள், வாய்ப்பும் அதோடு சரி. விண்ணப்பம் போடும்போதே மெயிலில் ஒரு வரி சேருங்கள்: திக்குவாய் உண்டு, முடிந்தால் வீடியோ காலில் பேசலாம், போனில் சத்தம் வராவிட்டால் கொஞ்சம் காத்திருங்கள். வீடியோவில் முகம் தெரியும், முயற்சி தெரியும், யாரும் வைத்துவிட மாட்டார்கள். இப்போது ஆள் இல்லாமல் கணினித் திரையைப் பார்த்து ஓடுகிற கடிகாரத்துக்குள் பதில் பதிவு செய்கிற இன்டர்வியூவும் வந்திருக்கிறது. திக்குகிறவர்களுக்கு இதைவிட மோசமான ஏற்பாட்டை யோசிக்கவே முடியாது. கூடுதல் நேரமோ நேரடி இன்டர்வியூவோ கேட்டு முன்கூட்டியே எழுதுங்கள். சிலர் தருவார்கள், சிலர் பதிலே போட மாட்டார்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு அதில் ஒன்று. ஆனால் அதற்குச் சட்டம் காட்டுகிற உதாரணங்கள் குரல்வளையை அகற்றியவர்களும், மூளைப் பாதிப்பால் பேச்சிழந்தவர்களும்தான், திக்குவாயின் பெயர் அங்கே இல்லை. அரசு வேலையில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் பேச்சுக் குறைபாடு தனி வகையாக வரவில்லை. ஆகவே சான்றிதழை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். அதே சட்டத்தின் கீழ் தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் அது விவரமாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கிற கம்பெனியின் இணையதளத்தில் அது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எச்ஆருக்கு எழுதும்போது அதைக் குறிப்பிட்டு எழுதினால் பதில் வருகிற தொனியே மாறும்.

சிகிச்சைக்கு எங்கே போவது? பெங்களூர் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் பேச்சு மற்றும் கேட்டல் துறை இருக்கிறது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இந்தத் துறைக்கென்றே உள்ளது. ஒரே மாதத்தில் முழுமையாகப் போக்கிவிடுவோம் என்று விளம்பரம் செய்கிற இடங்களுக்குப் பணம் கட்டாதீர்கள், பெரியவர்களுக்கு அப்படி உத்தரவாதமாகப் போக்குகிற மருந்தோ பயிற்சியோ கிடையாது. தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் என்கிற அமைப்புக்குப் பல நகரங்களில் சுய உதவிக் குழுக்கள் உண்டு, திக்குகிறவர்களே கூடிப் பேசுவார்கள். இன்டர்வியூ ஒத்திகைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை, அங்கே யாரும் வாட்சைப் பார்க்க மாட்டார்கள்.

இன்டர்வியூ எடுக்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. எதிரில் இருப்பவர் திக்கினால் சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள், பாதி நேரம் தப்பான சொல்லைத்தான் கொடுப்பீர்கள், அதற்கு வேண்டாம் என்று சொல்ல அவர் இன்னொரு முறை திக்க வேண்டும். “ரிலாக்ஸ், தண்ணி குடிங்க” வேண்டாம், தாகம் இல்லை. பத்து நிமிஷம் கூடுதலாக ஒதுக்கிவிட்டுச் சும்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

நேயர் ஒருவர் முன்கூட்டியே ஒரு கேள்வி அனுப்பியிருந்தார், ரெஸ்யூமிலேயே திக்குவாய் என்று எழுதலாமா என்று. வேண்டாம் அண்ணா. போன் காலுக்காக எச்ஆருக்கு மெயிலில் ஒரு வரி எழுதுவது வேறு, ரெஸ்யூம் பல கைகளுக்குப் போகும், உங்களைப் பார்க்கவே போகாத ஒருவர் அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடலாம். இன்டர்வியூ தேதி வந்ததும், யார் எடுக்கப் போகிறார்களோ அவர்களுக்கு மெயிலில் எழுதுங்கள், உள்ளே போனதும் வாயாலும் சொல்லிவிடுங்கள். அந்த வரியைச் சொல்லும்போதே திக்கினால் இன்னும் நல்லது, தனியாக விளக்கவே வேண்டாம்.