ஒரு சிப்பாய்ப் பெண் எப்படி நடப்பாள்?

(விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்களிடம் பேசியது. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். நான் பதினோரு வருடமாக அனிமேட்டர் வேலை பார்க்கிறேன். கேம்களில் வரும் ஆட்களை நடக்க வைப்பது, ஓட வைப்பது, சுவர் ஏற வைப்பது, குண்டுபட்டு விழ வைப்பது, இதுதான் என் பிழைப்பு. கேம்களிலும் சண்டைப் படங்களிலும் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டபோது, நடையிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று சொன்னேன். உடையைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நடையை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வேலை வந்தது. வெளிநாட்டு கிளையண்ட், போர்க் கதை. அதில் ஒரு பெண் சிப்பாய் முதுகில் இருபது கிலோ பையும் கையில் துப்பாக்கியுமாகச் சேற்றில் நடக்க வேண்டும். எங்கள் தொழிலில் நடை என்பது ஒரு சுழற்சி. இடது கால் ஒரு அடி, வலது கால் ஒரு அடி, ஏறக்குறைய ஒரு விநாடி, முப்பது ஃப்ரேம். அதையே திரும்பத் திரும்ப ஓட விட்டால் ஆள் நடந்துகொண்டே இருப்பார். ஒரு விநாடிதானே என்று நினைக்காதீர்கள், விளையாடுகிறவர் நாற்பது மணி நேரம் அந்த ஒரு விநாடியைத்தான் பார்க்கப் போகிறார், அதுவும் முதுகுப் பக்கத்திலிருந்து, ஏனென்றால் இந்த மாதிரி கேம்களில் கேமரா எப்போதும் ஆளுக்குப் பின்னால்தான் நிற்கும்.

ரெஃபரன்ஸ் தேடினேன். அலுவலகத்துக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சித்தாள் வேலைக்கு வந்த அக்காக்கள் தலையில் கலவைச் சட்டியோடு பலகையில் ஏறுவதை டீ குடிக்கிற நேரமெல்லாம் நின்று பார்ப்பேன், ஒரு அக்காவிடம் கேட்டு மொபைலில் எடுத்தும் வைத்துக்கொண்டேன். நீங்களும் கவனித்துப் பாருங்கள், சுமை தூக்கிய பெண்ணின் இடுப்பு ஆடாது. ஆடினால் சட்டி சாயும். பாதங்கள் கொஞ்சம் அகன்று விழும், முழங்கால் லேசாக மடிந்தபடியே இருக்கும், கழுத்து அசையவே அசையாது, கண் நாலடி தள்ளித் தரையில் இருக்கும். அந்த நடையை அப்படியே எடுத்து, பையின் கனத்துக்கு முதுகை மட்டும் கொஞ்சம் முன்னால் சாய்த்து, சிப்பாய்க்குக் கொடுத்தேன். நான் செய்த வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அது.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. இடுப்புக்கு இன்னும் அசைவு வேண்டும், பெண்மை போதவில்லை. கூடவே ஒரு ஃபேஷன் ஷோ வீடியோவை இணைத்திருந்தார்கள். அதை எப்படிக் கொண்டுவருவது என்றால், இரண்டு பாதங்களையும் ஒரே கோட்டில் விழ வைக்க வேண்டும், இடுப்பெலும்பின் சுழற்சியைக் கூட்ட வேண்டும், தோளை அதற்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். செய்தேன். இருபது கிலோ சுமையோடு சேற்றில் அப்படி நடந்தால் யாராக இருந்தாலும் இரண்டாவது அடியில் விழுந்துவிடுவார்கள். ஆனால் அதுதான் ஓகே ஆனது. அதே கேமில் ஆண் சிப்பாயின் நடைக்கு வந்த ஒரே திருத்தம் என்ன தெரியுமா? பை இன்னும் கனமாகத் தெரிய வேண்டும் என்பது.

இந்தச் சம்பவத்தை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், திரையில் ஒரு பெண் எப்படித் தெரிகிறாள் என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார், யாரோ மெயில் அனுப்புகிறார், என்னைப் போல யாரோ, அசைவைக் கோடாகக் காட்டுகிற கர்வ் எடிட்டரில் ஒரு புள்ளியைப் பிடித்து மேலே இழுக்கிறார். கேட்டால் மட்டும் டெக்னிக்கல் காரணம் என்பார்கள், கதைக்குத் தேவை என்பார்கள், மார்க்கெட் அப்படி என்பார்கள். அந்தக் காரணங்களைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

2011இல் பேட்மேன் ஆர்க்கம் சிட்டி வந்தது. அதில் பேட்மேனாகவும் விளையாடலாம், கேட்வுமனாகவும் விளையாடலாம். அதே கேமரா, அதே தெரு. பேட்மேனின் முதுகை முழுக்க ஒரு கனமான அங்கி மூடியிருக்கும், அந்தத் துணி எப்படிப் பறக்க வேண்டும் என்பதற்கு அவ்வளவு மெனக்கெட்டிருப்பார்கள். கேட்வுமனுக்கு உடலோடு ஒட்டிய உடை, நான் சொன்ன அந்த ஒரே கோட்டு நடை. இந்த வித்தியாசத்தை எல்லார் கண்ணிலும் படும்படி விளக்கிக் காட்டியவர் அனிதா சர்க்கீசியன் என்ற விமர்சகர். 2012இல் கேம்களில் பெண்களைப் பற்றி வீடியோத் தொடர் எடுக்க 6,000 டாலர் கேட்டார், 1,58,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அதற்குள்ளேயே மிரட்டலும் வசவும் ஆரம்பித்துவிட்டன. 2014 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசுவதாக இருந்தது. பேசினால் சுட்டுக் கொல்வோம் என்று மெயில் வந்தது, அந்த மாநிலச் சட்டப்படி அரங்குக்குள் உரிமத்தோடு துப்பாக்கி கொண்டுவருகிறவர்களைத் தடுக்க முடியாது என்று போலீஸ் சொன்னது, அவர் கூட்டத்தை ரத்து செய்தார். இன்று நான் நிற்கிற மாதிரி ஒரு மேடை. பேசவிருந்ததும் இதே விஷயம்தான்.

இன்னும் பழைய ஒன்று. 1986இல் ஜப்பானில் நின்டென்டோ வெளியிட்ட மெட்ராய்ட். முழுக் கவசம் போட்ட ஒரு வீரர், பெயர் சாமஸ். ஆங்கிலக் கையேட்டில் அவரை ஆண் என்றே எழுதியிருந்தார்கள். கேமை வேகமாக முடித்தால் கடைசியில் கவசம் கழன்று, உள்ளே இருந்தது ஒரு பெண் என்று தெரியும். அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அத்தனை நேரம் சுட்டு, குதித்து, தப்பித்து வந்தது ஒரு பெண். ஆனால் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்களோ அவ்வளவு குறைவான உடையில் அவள் வருவாள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் பிகினி. ஜெயித்தவனுக்கு அவள் உடல் பரிசு. அதே முடிவுக் காட்சியில் பெருமைப்படவும் இருக்கிறது, மனம் நோகவும் இருக்கிறது. எனக்கு இன்றுவரை அந்தக் கேம் மேல் இருக்கிற உணர்வு இந்த இரண்டும் கலந்ததுதான்.

கதைக்குத் தேவை என்ற காரணத்துக்கு வருவோம். 2015இல் வந்த மெட்டல் கியர் சாலிட் ஐந்தாம் பாகத்தில் க்வயட் என்று ஒரு ஸ்னைப்பர். போர்க்களம் முழுக்க மேலே பிகினியோடும் கிழிந்த காலுறையோடும்தான் இருப்பாள். கேம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே எதிர்ப்பு கிளம்பியது. அவள் உடைக்குப் பின்னால் உள்ள ரகசியம் தெரிந்தால் உங்கள் வார்த்தைகளுக்காக வெட்கப்படுவீர்கள் என்று இயக்குநர் ஹிடியோ கோஜிமா ட்வீட் செய்தார். ரகசியம் இதுதான்: ஒட்டுண்ணிச் சிகிச்சையால் அவள் தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறாள், உடை போட்டால் மூச்சு முட்டும். சரி, ஏற்றுக்கொள்வோம். ஆனால் அதே தொடரின் மூன்றாம் பாகத்தில் தி எண்ட் என்று ஒரு கிழவர் வருவார், அவரும் ஸ்னைப்பர்தான், செடி மாதிரி வெயிலிலிருந்து சக்தி எடுக்கிறவர். அவர் கழுத்துவரை உடுத்திக்கொண்டுதான் காட்டில் உட்கார்ந்திருப்பார். விஞ்ஞானம் அவருக்கு வேறு, இவளுக்கு வேறா?

டெக்னிக்கல் காரணம் என்பது என் துறை, அதனால் அதை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2014 ஜூன், லாஸ் ஏஞ்சல்ஸில் ஈ3 என்ற கேம் கண்காட்சி. யூபிசாஃப்ட் நிறுவனம் அசாசின்ஸ் க்ரீட் தொடரில் (அசாசின் என்றால் கொலையாளி) யூனிட்டி என்ற கேமை அறிமுகப்படுத்தியது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ், நாலு பேர் சேர்ந்து விளையாடலாம், நாலு பேரும் ஆண்கள். பெண் ஏன் இல்லை என்று கேட்டார்கள். இரண்டு மடங்கு அனிமேஷன், இரண்டு மடங்கு குரல், இரண்டு மடங்கு வேலை என்று பதில் வந்தது. வேறு எலும்புக்கூட்டில் 8,000க்கும் மேற்பட்ட அனிமேஷன்களை மறுபடி செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள்.

உண்மையில் என்ன நடக்கும் தெரியுமா? திரையில் தெரிகிற ஒவ்வொரு ஆளுக்கும் உள்ளே ஒரு ரிக் இருக்கும், எலும்புக்கூடு மாதிரி. அசைவுகள் எல்லாம் அந்த எலும்புகளுக்குத்தான், தோலுக்கும் உடைக்கும் இல்லை. ஆண் ஓடிய ஓட்டத்தைப் பெண்ணின் ரிக்கில் ஏற்றலாம், ரீடார்கெட் செய்வது என்போம். தோள் அகலம், கை நீளம், துப்பாக்கியைப் பிடிக்கிற இடம், இதெல்லாம் கொஞ்சம் இடிக்கும், திருத்த வேண்டும். கூரை தாவுகிற பெண்ணும் கூரை தாவுகிற ஆணும் ஒரே மாதிரிதான் தாவுவார்கள், புவியீர்ப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. இதை நான் மட்டும் சொல்லவில்லை. அதே தொடரின் மூன்றாம் பாகத்துக்கு அனிமேஷன் இயக்குநராக இருந்த ஜோனதன் கூப்பர், தன் கணிப்பில் இது ஒன்றிரண்டு நாள் வேலை என்று அப்போதே ட்வீட் செய்தார். 2012இல் அந்தத் தொடரிலேயே அவலீன் என்ற பெண் நாயகி வந்திருந்தாள். மூன்றாம் பாகத்து நாயகன் கானரின் அசைவுகளைத்தான் அவளும் பெருமளவு பகிர்ந்துகொண்டாள் என்பதையும் அவரே சுட்டிக்காட்டினார்.

இதில் எனக்கு மனம் ஆறாத இன்னொன்று, பிரெஞ்சுப் புரட்சியில் பெயர் நின்ற கொலையாளி யார் என்று கேட்டால் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே பதில் இருக்கும். 1793 ஜூலை 13ஆம் தேதி, குளியல் தொட்டியில் இருந்த புரட்சித் தலைவர் மராவைக் கத்தியால் குத்தியவள் ஷார்லட் கோர்டே, ஒரு பெண்!

அந்த ஈ3 கண்காட்சிக்கு ஆறு வருடம் கழித்து, 2020 ஜூலையில், ப்ளூம்பெர்க் ஒரு செய்தி வெளியிட்டது. யூபிசாஃப்டில் வேலை பார்த்தவர்கள் சொன்னபடி, அதே அசாசின்ஸ் க்ரீட் தொடரில் 2018இல் வந்த ஒடிசி கேமுக்கு முதலில் கஸாண்ட்ரா என்ற பெண் மட்டும்தான் நாயகி. பெண் தனியாக நின்றால் விற்காது என்று மேலிடத்திலிருந்து சொன்னதால்தான் அலெக்ஸியோஸ் என்ற ஆணையும் சேர்த்து, யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்தார்கள். அதே தொடரில் 2015இல் வந்த சிண்டிகேட்டிலும், நாயகர்களான இரட்டையர்களில் ஈவி என்ற சகோதரிக்குச் சமமாக இருந்த இடம் பின்னால் குறைக்கப்பட்டது. ஆக, எலும்புக்கூடு ஒரு காலத்திலும் பிரச்சினையாக இருந்ததில்லை. ஒடிசியை நான் கஸாண்ட்ராவாக விளையாடினேன். அவளுக்கும் அலெக்ஸியோஸுக்கும் பெரும்பாலும் ஒரே அசைவுகள்தான், ஈட்டியைச் சுழற்றுவதும் தோளை உயர்த்தி நடப்பதும் எல்லாம். தோள் அகலமான, சிரிக்கத் தெரிந்த, கோபப்படத் தெரிந்த ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் அத்தனை மணி நேரம் நடந்தேன், ஒரு தடவைகூட எனக்குக் கூச்சமாக இல்லை.

ஆண்களையும்தானே சட்டையில்லாமல் காட்டுகிறார்கள் என்று இங்கேயும் யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காட் ஆஃப் வார் கேமின் நாயகன் க்ரேட்டோஸின் மார்பைப் பார்த்தால் விளையாடுகிற பையனுக்கு நான் இப்படி இருக்க வேண்டும் என்று தோன்றும், அதற்காகத்தான் அதை வரைகிறோம், எங்களுக்கு வருகிற குறிப்பும் அப்படித்தான் இருக்கும். பெண்ணுக்கு வருகிற குறிப்பில் அவளைப் பார்க்கிறவன் மட்டும்தான் இருப்பான்.

1996இல் டூம் ரெய்டர் வந்தது, இங்கிலாந்தின் டார்பி நகரத்தில் கோர் டிசைன் செய்தது. என் பெரியப்பா மகன் கம்ப்யூட்டரில் அண்ணன் விளையாட, நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். அதன் நாயகி லாரா தன்னந்தனியாக இருட்டுக் குகைக்குள் போவாள். அவளை யாரும் ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை, சீக்கிரம் வா என்றும் சொல்லவில்லை. அவளை எப்படி வரைந்திருந்தார்கள் என்பது பெரியவளான பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்தக் குகைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். 2013இல் லாராவை இன்னும் நிஜமான உடலோடு மறுபடி படைத்தார்கள், நல்ல கேம். ஆனால் அது வருவதற்கு முந்தைய வருடம் அதன் தயாரிப்பாளர் ஒரு பேட்டியில், விளையாடுகிறவர்கள் லாராவாகத் தங்களை நினைத்துக்கொள்வதில்லை, அவளைப் பாதுகாக்கத்தான் நினைக்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். முக்காலியில் உட்கார்ந்திருந்த என்னை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

சினிமாவில் கதை ரொம்ப வேறு இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். 2013இல் வந்த அயர்ன் மேன் மூன்றாம் பாகத்தில் முதலில் எழுதிய வில்லன் ஒரு பெண். பெண் பொம்மை விற்காது என்று மேலிருந்து வந்த முடிவால் ஆணாக மாற்றினோம் என்று இயக்குநர் ஷேன் பிளாக்கே 2016இல் சொன்னார். 2015இல் ஏஜ் ஆஃப் அல்ட்ரான் படத்தில் விமானத்திலிருந்து பைக்கோடு பாய்ந்தது பிளாக் விடோ என்ற பெண் பாத்திரம். கடைக்கு வந்த பொம்மையில் அந்த பைக்கில் கேப்டன் அமெரிக்கா உட்கார்ந்திருந்தார். நாயகனுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காகவே காதலியையும் மனைவியையும் கொல்கிற வழக்கத்தை 1999இல், பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெய்ல் சிமோன் காமிக்ஸ்களிலிருந்து பட்டியல் போட்டுக் காட்டினார். நம் படங்களில் தங்கச்சி செத்த பிறகுதான் அண்ணன் அரிவாளைத் தொடுவான், உங்களுக்கு நான் பட்டியல் தர வேண்டியதில்லை.

வேறு மாதிரியும் எடுக்க முடியும் என்பதற்குச் சான்று நாற்பது வருடத்துக்கு மேலாகவே இருக்கிறது. 1979இல் ஏலியன் படத்தின் திரைக்கதையில், எல்லாப் பாத்திரங்களுக்கும் ஆணோ பெண்ணோ யாரும் நடிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அதனால் சிகோர்னி வீவர் நடித்த ரிப்ளி முதலில் ஒரு விண்கப்பல் அதிகாரியாக இருந்தார், விதிமுறை பேசினார், எரிச்சல்பட்டார், பயந்தார். கடைசிக் காட்சியில் அவரையும் உள்ளாடையில் நிறுத்தினார்கள்தான், அதை நான் மறைக்கவில்லை. ஹாங்காங்கில் 1985லேயே மிஷெல் யோ சண்டை நாயகி. பாலே கற்றவர். 1992இல் ஜாக்கி சானோடு நடித்த போலீஸ் ஸ்டோரி மூன்றாம் பாகத்தில் ஓடுகிற ரயில் மேல் பைக்கோடு அவரே தாவினார். அந்தச் சண்டைகளில் கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தள்ளி நிற்கும், தலையிலிருந்து கால்வரை தெரியும், ஏனென்றால் அந்த உதை எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் காட்சி. உடல் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது, கேமராவும் அந்த வேலையைப் பார்க்கிறது. எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அழகாக இருக்கக் கூடாது என்றோ, உடலையே மறைக்க வேண்டும் என்றோ நான் கேட்கவில்லை.

பேசியது போதும், அந்த விளக்கைக் கொஞ்சம் அணையுங்கள் தம்பி. கிளையண்ட்டின் கோப்பைக் காட்ட எனக்கு உரிமை இல்லை, அதனால் சொந்த ரிக் ஒன்றில் இரண்டு நடையையும் மறுபடி செய்து கொண்டுவந்திருக்கிறேன், இரண்டும் முப்பது ஃப்ரேம். முதலில் வருவது எதிர்க் கட்டடத்து அக்காவின் நடை. முதுகில் இருக்கிற பையைப் பாருங்கள். அது ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.