கட்டுபடியாகாத காற்றாலை

[காட்சி: பரந்த வயல். நடுவே தனியாக ஒரு மர ஆலை.]

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில், ஐவிங்கோ என்ற ஊருக்கு அருகே நிற்கிறது பிட்ஸ்டோன் காற்றாலை. இதன் மரச்சட்டம் ஒன்றில் 1627 என்று செதுக்கியிருக்கிறார்கள். அதை அப்படியே பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மர ஆலையில் உளுத்த கட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவது ஓயாத வேலை. 1627 என்பது அந்த ஒரு சட்டத்தின் சாட்சி, அவ்வளவுதான்.

[காட்சி: ஆலையின் உள்ளே, தூணின் அருகில்.]

ஒற்றைத் தூணின் மேல் நிற்கும் இந்த வகை ஆலைகள் இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தன. இவற்றின் விசித்திரம் நடுத்தூணில் இருக்கிறது. கீழே குறுக்கு உத்தரங்கள், சாய்வான முட்டுகள். அவை தாங்குவது ஒரே ஒரு தடித்த தூணை. விசிறிகள், பற்சக்கரங்கள், திரிகைக் கற்கள், தானிய மூட்டைகள் என அத்தனையையும் சுமக்கும் மர வீடு அந்தத் தூணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காற்று திசை மாறினால் வீடே திரும்ப வேண்டும். பின்னால் வால்போல நீளும் மரத்தில் தோளைக் கொடுத்து ஆலைக்காரர் தள்ளுவார். இன்றைய காற்றாலைகளில் மோட்டார் செய்வதும் இதே வேலைதான்.

விசிறி சுற்றினால் அதன் அச்சிலுள்ள பெரிய பற்சக்கரம் சுற்றும். அது சிறிய சக்கரத்தை வேகமாகச் சுழற்றும். மேல்கல் ஓடும், கீழ்கல் அசையாது. நம் வீட்டுத் திரிகையேதான். விழும் மாவை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, கற்களின் இடைவெளியைக் கூட்டிக் குறைப்பார்கள்.

புயல் வந்தால்தான் ஆபத்து. தறிகெட்டுச் சுற்றும் விசிறியை நிறுத்தப் பிரேக் போட்டால், மரத்தோடு மரம் உரசித் தீப்பற்றிய ஆலைகளும் உண்டு.

[காட்சி: விசிறி இழந்த ஆலை, ஓவியமாக.]

பிட்ஸ்டோன் ஆலையை 1842இல் ஒரு கால்வாய் நிறுவனம் வாங்கியது. 1874இல் பிரவுன்லோ பிரபுவின் கைக்குப் போனது. உள்ளூர் விவசாயி ஒருவர் குத்தகைக்கு ஓட்டினார். 1902இல் பெருங்காற்று அடித்து நொறுக்கியது. சரிசெய்ய ஆகும் செலவை அரைவைக் கூலியில் மீட்க முடியாது. அத்தோடு விட்டுவிட்டார்கள். எந்தப் பழைய இயந்திரத்துக்கும் மரணச் சான்றிதழ் எழுதுவது இந்தக் கணக்குதான். புயலை மட்டும் குறைசொல்வதில் நியாயமில்லை.

சுமார் 1922இல், பக்கத்து நிலத்து விவசாயி ஒருவர் அந்த இடிபாட்டை விலைக்கு வாங்கினார். 1937இல் பழைமைச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்டுக்குத் தானமாகக் கொடுத்தார். அதன் பிறகும் கால் நூற்றாண்டு எதுவும் நடக்கவில்லை.

1963இல் தன்னார்வலர்கள் சிலர் வந்தார்கள். கட்டுபடியாகுமா என்ற கேள்வியையே அவர்கள் கேட்கவில்லை. கைக்காசைப் போட்டு வேலையைத் தொடங்கினார்கள். ஏழாண்டு உழைப்பு. 1970இல், 68 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, பிட்ஸ்டோன் ஆலையில் மீண்டும் தானியம் அரைத்தார்கள்.

[காட்சி: கல்லிடுக்கிலிருந்து கொட்டும் மாவு.]