புதினாத் தொட்டி வச்சா சிலந்தி வராதா?

வணக்கம் நேயர்களே. போன மாசம் மாடித்தோட்டம் பத்தி இங்க பேசிட்டுப் போனதுக்கப்புறம் நிறைய பேரு கேட்ட கேள்வி ஒண்ணேதான், "என்ன செடி வச்சா வீட்டுக்குள்ள எட்டுக்கால் பூச்சி வராதுங்க?" புதினா வைங்க, துளசி வைங்க, நொச்சி வைங்கன்னு வாட்ஸ்அப்புல வருதாம், அதைப் பார்த்து ஜன்னலோரம் நாலு தொட்டி வாங்கி வச்சாச்சு, ஆனா ஒட்டடை அப்படியேதான் இருக்குங்கிறாங்க.

நானும் இதைச் செஞ்சு பார்த்திருக்கேன். எங்க பாத்ரூம் வென்டிலேட்டர்ல எப்பவும் ஒரு நெட்டைக்கால் சிலந்தி இருக்கும், தொட்டா உடம்பைக் கிடுகிடுன்னு ஆட்டுமே, அதுதான். பக்கத்துல ஒரு கொத்து நொச்சியைக் கட்டித் தொங்கவிட்டேன். ரெண்டு மூணு நாள் அந்தப் பக்கம் ஆளையே காணோம், எனக்கு ஒரே சந்தோஷம். பத்தாம் நாள் பார்த்தா இலை சருகாயிருச்சு, அந்தச் சருகுலயே நூலைக் கட்டி உக்காந்திருக்கு. வாசனை போயிட்டா நொச்சியும் அதுக்கு ஒரு குச்சிதான்னு அன்னைக்குப் புரிஞ்சுது.

புதினா இலையைத் திருப்பி லென்ஸ் வச்சுப் பாருங்க, பொடிப்பொடியா மினுக்குற புள்ளி தெரியும், எண்ணெய் அதுக்குள்ளதான் இருக்கு, கசக்காத வரைக்கும் பெருசா வெளிய வராது. அதனாலதான் தொட்டியைத் தாண்டிப் போகும்போது ஒண்ணும் தெரியாது, துவையலுக்குக் கிள்ளினா கை பூரா மணக்கும். சிலந்திக்கு நம்மள மாதிரி மூக்கு கிடையாது, கால்ல இருக்கிற ரோமத்தை வச்சுத்தான் மோப்பம் பிடிக்குது, ருசியும் பார்க்குது. அப்போ அது நடக்கிற இடத்துல அந்த எண்ணெய் இருக்கணும், ஜன்னலுக்கு வெளிய தொட்டியில இருந்து பிரயோஜனம் இல்ல.

2018ல கனடாவுல இதை முறையா சோதிச்சுப் பார்த்திருக்காங்க. பெப்பர்மின்ட் எண்ணெய் இருந்த பக்கம் சில வகை சிலந்திங்க தங்காம ஒதுங்கிருச்சு, எலுமிச்சை எண்ணெய்க்கு எதுவுமே அசையல. அதனால எலுமிச்சைத் தோலை ஜன்னல்ல தேய்க்கிறதை விட்டுருங்கம்மா. இன்னொண்ணு, நம்ம மார்க்கெட் புதினா வேற, பெப்பர்மின்ட் வேற. மெந்தால் வாசனை பெப்பர்மின்ட்லதான் தூக்கலா இருக்கும், கடையில எண்ணெயா கிடைக்குது. அரை லிட்டர் தண்ணியில 15 சொட்டு விட்டு, எண்ணெய் கலக்கிறதுக்காக பாத்திரம் கழுவுற லிக்விட் துளி சேர்த்து நல்லா குலுக்கி, ஜன்னல் சட்டம், கதவிடுக்கு, ஒயர் வர்ற ஓட்டை, இங்கெல்லாம் அடிங்க. சீக்கிரம் ஆவியாயிரும், அதனால நாலு நாளைக்கொரு தடவை திரும்ப அடிக்கணும். வீட்டுல பூனை இருந்தா தயவுசெஞ்சு இது வேண்டாம், பூனைக்கு அந்த எண்ணெய் ஆகாது.

செடி வைக்கிறவங்க கிட்ட இன்னொண்ணு சொல்லணும். சுவரோட ஒட்டி அடர்த்தியா தொட்டி அடுக்கினா சிலந்திக்கு நாமளே வீடு கட்டிக் குடுத்த மாதிரி. ஒரு முழம் தள்ளி வைங்க, ஜன்னலைத் தொடுற கிளையை வெட்டி விடுங்க. வாசல்ல வெள்ளை லைட் ராத்திரி பூரா எரிஞ்சா பூச்சி வரும், பூச்சி வந்தா அதைத் திங்க சிலந்தி வராம இருக்குமா? மஞ்சள் பல்புக்கு மாத்துங்க, தேவையில்லாதப்ப அணைச்சுருங்க. எங்க வீட்டுல நொச்சியை விட இதுதான் அதிகமா வேலை செஞ்சுது.

சிலந்தி எச்சம் பட்டு கொப்புளம் வந்துருச்சுன்னு பல பேரு சொல்றீங்க. அதுல நிறைய, மழைக்காலத்துல லைட்டுக்கு வர்ற, எறும்பு மாதிரி கருப்பும் ஆரஞ்சுமா இருக்கிற சின்ன வண்டால வர்றது. அதைத் தோல் மேல வச்சு நசுக்கினா அந்த நீர் பட்டு எரிஞ்சு கொப்புளம் போடும். நம்ம வீட்டுச் சிலந்தி பாவம், பழி மட்டும் அது மேல. வயல்ல புகையான்ங்கிற நெற்பயிர்ப் பூச்சியைப் பிடிச்சுத் தின்னு நெல்லைக் காப்பாத்துறதும் இந்த சிலந்தி இனம்தான், விவசாயிங்களைக் கேட்டுப் பாருங்க.

உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையா ஒண்ணு ராத்திரியில சுவர்ல ஓடும், பார்த்தவுடனே எல்லாரும் வெளக்கமாத்தைத் தூக்குவாங்க. அது வலையே கட்டாது, கரப்பான் பூச்சியை வேட்டையாடுற ஜாதி. சில நேரம் வயித்துக்கடியில வெள்ளைப் பொத்தான் மாதிரி ஒண்ணைக் கவ்விட்டுப் போகும், அது முட்டைப்பை. அதை அடிக்காதீங்க. ஒரு பெரிய டப்பாவை மெதுவா மேல கவுத்து, அடியில பழைய கல்யாணப் பத்திரிகையைச் சொருகி, அப்படியே தூக்கிட்டுப் போய் கறிவேப்பிலை மரத்தடியில விட்டுருங்க.