கட்சிக்காரர் ரகசியமும் கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடையும்

(எங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் வழக்கறிஞர் தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாண்பமை மாவட்ட நீதிபதி அவர்களே, முன்னிலை வகிக்கும் சார்பு நீதிபதி, முன்சீப், நடுவர் பெருமக்களே, அரசு வழக்கறிஞர் அவர்களே, எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்று சொல்லாமல் 'முடிச்சாச்சு' என்று சொல்லும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, இந்த வயதிலும் பத்தரைக்கு முன்பே வக்கீல்கள் அறையில் வந்து உட்காரும் மூத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே, இளம் வழக்கறிஞர்களே, கடைசியில் நின்றுகொண்டிருக்கும் குமாஸ்தா நண்பர்களே (முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள், இன்றைய பேச்சே உங்களைச் சுற்றித்தான்), எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அதற்குப் பதில் ஒரு ரீம் ஏ4 தாள் தந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

டிசம்பர் 3, ராஜேந்திர பிரசாத் பிறந்த நாள். அவரும் நம் தொழிலில் இருந்தவர் என்பதால்தான் இந்த விழா. தலைப்பு 'வழக்கறிஞர்களும் தரவுப் பாதுகாப்பும்'. நான்கு விஷயம் சொல்லப் போகிறேன்: புதிய தரவுச் சட்டம், சாட்சியச் சட்டம், ஏஐ, இ-ஃபைலிங்.

என் சீனியர் ஒரு பழமொழியை விடவே மாட்டார்: "பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே." கோர்ட் வராந்தாவில் கட்சிக்காரர் வாயைத் திறந்தாலே கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

முதலில் தரவுச் சட்டம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். அப்புறம் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2025 நவம்பரில் அதன் விதிகள். முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். "வழக்கு நடத்துவதற்கு விலக்கு இருக்கிறதே சார்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரி, 17-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான அளவுக்குத் தரவைக் கையாண்டால் பல கடமைகள் நம்மைத் தொடாது. ஆனால் அந்த விலக்குக்குள்ளும் அதே சட்டத்தின் 8(5) பிரிவு அப்படியே நிற்கிறது. தரவு கசியாமல் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நம்மிடம் 250 கோடி கேட்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். ஒரு பாகப்பிரிவினை வழக்கு, அண்ணன் தம்பி. லோக் அதாலத்துக்கு முந்தைய நாள் தம்பி தன் வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்: "சார், இருபது லட்சம் கேளுங்க. பன்னிரண்டு வந்தா முடிச்சிடுங்க." மறுநாள் காலை சமரச மனுவை பிரிண்ட் எடுக்க ஜூனியர் கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடைக்கு ஓடுகிறார். சீனியரின் போன் கையில். கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, ஸ்கேன் செய்து, பிரிண்டும் கொடுத்துவிட்டார். அதற்குள் "கேஸ் கூப்பிட்டாச்சு!" என்று குரல். தாளை அள்ளிக்கொண்டு ஓட்டம். திரை திறந்தபடியே கிடக்கிறது.

அடுத்து அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் யார்? அண்ணன் பக்கத்துக் குமாஸ்தா! (சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது.) அவர் வந்தது ஒரு வக்காலத்து பிரிண்ட் எடுக்க. பாவம், அவர் தேடிப் போகவில்லை. பெரிய எழுத்தில் கண்ணெதிரே இருக்கிறது. லோக் அதாலத்தில் இருபது என்று ஆரம்பித்தார்கள். அண்ணன் சாவகாசமாக வெற்றிலையை மடித்துக்கொண்டு சொன்னார்: "பன்னிரண்டு. அதுக்கு மேல ஒரு ரூபாய் கிடையாது." பதினெட்டுக்கு இறங்கினார்கள், பதினைந்துக்கு இறங்கினார்கள். அவர் அசையவில்லை. பன்னிரண்டில் முடிந்தது.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. வெளியே வந்ததும் தம்பி தன் வக்கீலைப் பார்த்துக் கேட்டார்: "எவ்வளவு வாங்கினீங்க சார்?" இருவருக்கு மட்டும் தெரிந்த தொகை எதிரி வாயில் வந்தால் வேறு என்னதான் நினைப்பார்? பல மாதம் கழித்து டீக்கடையில் அந்தக் குமாஸ்தாவே உளறியபோதுதான் உண்மை தெரிந்தது. அதற்குள் அந்தக் குடும்பத்தின் கேஸ் கட்டெல்லாம் வேறு ஆபீஸுக்குப் போய்விட்டது. பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்றால், இன்றைக்குப் பக்கத்தில் இருப்பது கடைக் கம்ப்யூட்டர்.

இரண்டாவது, சாட்சியச் சட்டம். பழைய சட்டத்தின் 126-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 132. கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. வக்காலத்து முடிந்த பிறகும் கூடாது. விசாரணை அமைப்புகள் வழக்கறிஞர்களுக்குச் சம்மன் அனுப்பும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றமும் 2025 அக்டோபர் 31 அன்று இந்தப் பிரிவையே கேடயமாகப் பிடித்தது. அதே பிரிவை இன்னும் கொஞ்சம் கீழே படியுங்கள். மொழிபெயர்ப்பாளர், குமாஸ்தா, நம் ஊழியர் என்று எல்லோரையும் அது கட்டுகிறது. ஜெராக்ஸ் கடைத் தம்பி அதில் இல்லை! போக்சோ வழக்கில் குழந்தையின் பெயர், விவாகரத்து மனுவில் படுக்கையறை விவரம், ஆதார் நகல், இத்தனையும் தினம் அவர் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில்தான் தூங்குகிறது. ஒருமுறை பிரிண்ட் எடுக்கப் போனவன் எட்டிப் பார்த்தேன். 'பெட்டிஷன் ஃபைனல்', 'பெட்டிஷன் ஃபைனல் 2', 'பெட்டிஷன் ஃபைனல் ஒரிஜினல்' என்று திரை நிறைய நம் கைங்கரியம். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, நல்ல மனிதர், கடன்கூடக் கொடுக்கிறார். அழிக்க வேண்டியது அவர் வேலையில்லை.

அதனால்தான் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் கேட்கிறேன், இன்றும் கேட்கிறேன். சங்கக் கட்டடத்திலேயே நமக்கென்று ஒரு பிரிண்ட் அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு, மாலையில் பூட்டும்போது எல்லாக் கோப்பும் தானாக அழியும் ஏற்பாடு, வீணான தாளைக் கிழிக்க ஒரு இயந்திரம். (வீணான தாள் இப்போது எங்கே போகிறது என்று பஜ்ஜி சாப்பிடுகிறவர்களைக் கேளுங்கள்.) குமாஸ்தாக்களுக்கு மாதம் ஒரு நாள் பயிற்சி. பயிற்சி நடத்த நான் தயார், பைசா வேண்டாம்.

ஏஐ பற்றி... செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். ஒரு வரி மட்டும்: கட்சிக்காரர் பெயரோடு மனுவை அப்படியே ஏஐயில் போட்டு "அழகாக எழுதிக் கொடு" என்று இரவு பதினோரு மணிக்குக் கேட்கும் தம்பிகளே, இரவில் அதுவும் பேசாதே! இ-ஃபைலிங் அடுத்த கூட்டத்தில்.

மாவட்ட நீதிபதி அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ரெக்கார்டு அறைக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருக்கும் அறையை எங்களுக்கு ஒதுக்கித் தர வேண்டும். பெஞ்சை அப்புறப்படுத்தும் செலவு எங்களுடையது. தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன், கையெழுத்து நோட்டு வாசலில் குமாஸ்தா நண்பரிடம் இருக்கிறது. சாப்பாட்டு டோக்கனும் அவரிடம்தான்.