கதவு தட்ட முடியாத ஆண்டில் தலை எண்ணிய கதை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவர் ஏப்ரல் 2ஆம் தேதி காலையில் இறந்துபோகிறார். ஒரு வாரம் கழித்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் அந்த வீட்டுக்கு வருகிறார். இறந்தவரின் பெயரைப் பட்டியலில் எழுதுவதா, விடுவதா? கேட்கவே நாக்கு கூசும் கேள்வி. ஆனால் விதியில் குழப்பம் கிடையாது. குறிப்பு நாள் ஏப்ரல் 1 என்றால் அவரை எழுத வேண்டும். அதே வீட்டில் ஏப்ரல் 2ஆம் தேதி பிறந்த குழந்தையை எழுதக் கூடாது. நாட்டில் இருப்பவர்களை எண்ணுகிறோம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் எண்ணப்படுவது, குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு உரியவர்களாக இருந்தவர்கள்.

நாள், இடம் என்ற இரண்டு முளைகளில்தான் மொத்தக் கயிறும் கட்டியிருக்கிறது. 2020இல் கொரோனா இரண்டையும் ஒரே இழுப்பில் பிடுங்கியது. கதவைத் தட்ட முடியாமல் போனதைப் பற்றித்தான் அப்போது எல்லோரும் பேசினார்கள். அது தொல்லைதான். ஆனாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசற்படிக்கு வெளியே ஆறடி தள்ளி நின்று கேட்டுச் சமாளித்துவிடலாம். "நீங்கள் வழக்கமாக வசிக்கும் இடம் எது?" என்று கேட்டால் அந்த ஆண்டில் என்ன பதில்? விடுதியைப் பூட்டியதால் பெற்றோர் வீட்டுக்கு வந்த மாணவர், வேலை போனதால் சொந்த ஊருக்கு நடந்தே போன தொழிலாளி, இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்த முதியவர், இவர்களெல்லாம் எந்த வீட்டுக் கணக்கு? மக்கள்தொகைப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கே அது புதுப் பாடமாக இருந்தது.

காலமும் வம்புக்கென்றே வாய்த்தது. பல நாடுகள் பத்தாண்டுக்கு ஒருமுறை, 0 அல்லது 1இல் முடியும் ஆண்டில் கணக்கெடுப்பு நடத்துகின்றன. தொற்று வந்ததும் சரியாக 2020இல். மெக்சிகோ நூலிழையில் தப்பியது. மார்ச் 2 முதல் 27 வரை வீடு வீடாகப் போய் 12 கோடியே 60 லட்சம் பேரை எண்ணி முடித்தது. ஒரு மாதம் பிந்தியிருந்தால் அவர்கள் கதையும் வேறாகியிருக்கும்.

அமெரிக்காவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நடந்ததைப் பிறகு அவர்களே அளந்து வெளியிட்டார்கள் என்பது ஒரு காரணம். பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு கணக்கெடுப்புக்கு என்னென்ன நேரலாமோ அநேகமாக அத்தனையும் அங்கே நேர்ந்தது என்பது இன்னொரு காரணம்.

2020 ஜனவரி 21 அன்று அலாஸ்காவில் டோக்சூக் பே என்ற சிற்றூரில் முதல் தலையை எண்ணினார்கள். வசந்தத்தில் பனி உருகிவிட்டால் அந்தப் பக்கம் போய்வருவது கடினம், ஊராரும் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கிளம்பிவிடுவார்கள். அதனால் அங்கே மட்டும் இந்த முன்கூட்டிய தொடக்கம். மார்ச் 12இல் நாடு முழுவதும் மக்கள் தாங்களாகவே பதில் அனுப்ப வழி திறந்தது. அதற்கு ஆறே நாள் கழித்து, மார்ச் 18இல், களப்பணி நிறுத்தப்பட்டது.

இணையம், தொலைபேசி, தபால் மூன்றிலும் பதில் வந்துகொண்டிருந்தது. கடைசியில் 67 விழுக்காடு வீடுகள் தாங்களாகவே பதில் சொல்லியிருந்தன. ஊரடங்கு காலத்தில் இது நல்ல அளவுதான். ஆனால் கணக்கெடுப்பின் வேலையே மிச்சமுள்ள 33இல்தான் இருக்கிறது. அந்தக் கதவுகளைத் தட்டும் பணி ஜூலை நடுவில் சில பகுதிகளில் தொடங்கி, ஆகஸ்ட்டில்தான் நாடெங்கும் பரவியது. முடிவு நாளோ ஓரிடத்தில் நிற்கவில்லை. முதலில் ஜூலை 31 என்று இருந்தது. அப்புறம் அக்டோபர் 31 என்றார்கள். பிறகு அரசு அதைச் செப்டம்பர் 30க்கு இழுத்தது. வழக்குகள் வந்தன, உச்ச நீதிமன்றம் வரை போனது, அக்டோபர் 15இல் பணி நின்றது. களத்தில் நிற்கும் ஒரு மேற்பார்வையாளரை நினைத்துப் பாருங்கள். எத்தனை நாளில் எத்தனை வீட்டை முடிக்க வேண்டும் என்று அவர் எதை வைத்துத் திட்டம் போடுவார்?

இவ்வளவு தாமதத்திலும் குறிப்பு நாள் மாறவில்லை. செப்டம்பரிலோ அக்டோபரிலோ கதவைத் தட்டினாலும், "ஏப்ரல் 1 அன்று இங்கே எத்தனை பேர் இருந்தீர்கள்?" என்றுதான் கேட்க வேண்டும். அந்த ஏப்ரலில் எனக்குக் கிழமையே நினைவில் நிற்கவில்லை! இடையில் வீடு மாறியவர்கள் உண்டு. பூட்டிய வீடு என்றால் பக்கத்து வீட்டாரைக் கேட்டு எழுத வேண்டும். அடுத்த வீட்டில் ஆறு மாதத்துக்கு முன் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நம்மைக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? ஒரு பெரியவரும் அம்மாவும் உண்டு, சின்னதாக ஒரு பையன் இருந்தான் போலிருக்கிறது என்போம். இன்னும் இரண்டு குழந்தைகள் இருந்திருந்தால் அவ்வளவுதான், கணக்கில் வரமாட்டார்கள்.

மாணவர்கள் விஷயத்தில் விதி தெளிவாகவே இருந்தது. தொற்று வராதிருந்தால் ஏப்ரல் 1இல் எங்கே தங்கியிருப்பார்களோ, அந்தக் கல்லூரி ஊரிலேயே எண்ண வேண்டும். ஆனால் விடுதி மூடி, பிள்ளை வீட்டுக்கு வந்து, எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. படிவத்தை நிரப்பும் தாய் அதன் பெயரை எழுதாமல் விடுவாரா? அந்தப் பக்கம் கல்லூரியும் தன் பட்டியலை அனுப்பும். ஒரே தலை இரண்டு இடத்தில். கல்லூரிக்குப் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு என்றால் நேர்மாறு: வீடு காலி, சொல்ல ஆளில்லை.

வீடற்றவர்களை மார்ச் 30 முதல் ஏப்ரல் 1 வரை எண்ணுவதாக இருந்தது. செப்டம்பர் 22 முதல் 24 வரைதான் முடிந்தது. தெருவில் உறங்குபவருக்கு ஆறு மாதம் என்பது ஒரு யுகம். பழங்குடி ஒதுக்கீட்டு நிலங்களில் இன்னொரு சிக்கல். தபால் ஒழுங்காகப் போகாத அந்த இடங்களில் பணியாளரே நேரில் போய் வாசலில் படிவக் கட்டை வைத்துவிட்டு வர வேண்டும். மார்ச்சில் நின்றது அந்த வேலையும்தான். இணையத்தில் பதில் தரலாம் என்றாலும், கட்டு கைக்கு வராதவருக்குக் கணக்கெடுப்பு நடப்பது எவ்வளவு தெரிந்திருக்கும்?

சரி, விளைவு என்ன? இங்கே ஒரு சின்ன விளக்கம். ஒரு கணக்கெடுப்பு எவ்வளவு சரி என்பதைத் தெரிந்துகொள்ள, அது முடிந்த பிறகு, தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் தனிக் குழு ஒன்று மறுபடி போய் எண்ணும். குளத்தில் மீன் எண்ணும் உத்திதான் இது. முதல் வலையில் வந்த மீன்களுக்கு அடையாளம் போட்டு விட்டுவிட்டு, மறுநாள் வலை வீசி, அதில் எத்தனை அடையாளமுள்ள மீன் என்று பார்ப்பது. முதல் வலை எவ்வளவு விட்டது என்று அதிலிருந்து கணக்குப் போடலாம். அமெரிக்கா இதைச் செய்து 2022இல் வெளியிட்டது. நாட்டின் மொத்தத்தில், மிகையாக எண்ணியதைக் கழித்துப் பார்த்தால், விடுபட்டது 0.24 விழுக்காடு மட்டுமே, புள்ளியியல் கணக்கில் பூஜ்யத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். கேட்க நிம்மதியாக இருக்கும். உள்ளே பிரித்துப் பார்த்தால் வேறு சங்கதி. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினரான ஹிஸ்பானிக் மக்களில் 4.99 விழுக்காடு விடுபட்டார்கள், 2010இல் அது 1.54. கறுப்பின மக்களில் 3.30. ஒதுக்கீட்டு நிலப் பழங்குடியினரில் 5.64. அதே சமயம் ஆசிய வம்சாவளியினர் 2.62 விழுக்காடு கூடுதலாக எண்ணப்பட்டிருந்தார்கள். ஒரு பக்கக் குறையும் இன்னொரு பக்க மிகையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மொத்தத்தை அழகாகக் காட்டிவிட்டன. பழியை எல்லாம் தொற்றின் தலையில் போடவும் முடியாது. பழங்குடியினர் 2010இலும் ஏறத்தாழ இதே அளவு விடுபட்டவர்கள்தான். குடியுரிமை பற்றிக் கேள்வி கேட்பார்களா என்ற சர்ச்சை எழுப்பிய அச்சமும் இருந்தது.

இதைப் பார்த்தபின் என் எண்ணம் இதுதான். இணையத்துக்கு மாறுவது எளிதில் எண்ணக்கூடியவர்களை இன்னும் எளிதாக எண்ண உதவுகிறது. கடினமானவர்கள் அப்படியே இருக்கிறார்கள். நல்ல பயன் என்னவென்றால், எளிய வீடுகள் விரைவில் முடிந்தால் பணியாளர் படையைக் கடினமான தெருக்களுக்கு அனுப்பலாம். இணையம் வந்துவிட்டது, ஆளைக் குறைக்கலாம் என்று நிதித்துறை சொல்லும் இடத்தில்தான் கணக்கு கெடுகிறது.

இங்கிலாந்தும் வேல்ஸும் தள்ளிவைக்கவில்லை. ஊரடங்கின் நடுவிலேயே 2021 மார்ச் 21இல் நடத்தின. 97 விழுக்காடு வீடுகள் பதில் தந்தன, அதில் பெரும்பகுதி இணையத்தில். எண்ணிக்கை அளவில் பெரிய வெற்றி. ஆனால் எண்ணியது எந்த நாட்டை? வேலைக்குப் போகிறவர்களில் 31.2 விழுக்காட்டினர் வீட்டிலிருந்தே வேலை செய்வதாகச் சொன்னார்கள். எந்தச் சாலையில் எத்தனை பேர் பயணிக்கிறார்கள் என்று திட்டமிடுபவர்கள் பத்தாண்டு காலம் நம்பியிருக்கும் தரவு அது. அந்த ஊரடங்கு நாள்களிலோ சாலையில் வழக்கமான கூட்டம் இல்லை. லண்டனின் நடுப்பகுதியில் வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன்-செல்சி, காம்டன் மூன்றிலும் 2011ஐ விட மக்கள் குறைவு என்று வந்தது. போனவர்கள் திரும்பிவிட்டார்களா என்ற கேள்வி அங்கே உடனே கிளம்பியது.

அப்படியானால் தள்ளிவைப்பதுதான் புத்திசாலித்தனமா? அதற்கும் நேரான பதில் இல்லை. ஸ்காட்லாந்து ஓராண்டு தள்ளி 2022 மார்ச் 20இல் நடத்தியது. பதில் மந்தமாக வந்ததால் காலக்கெடுவை நீட்டித்தும் 90 விழுக்காட்டை எட்ட முடியவில்லை. பிரிட்டன் முழுக்க ஒரே நாளில் நடக்கும்போது கிடைக்கும் விளம்பரத்தின் வேகம் தனியாக நடத்தியபோது இல்லை என்பது என் ஊகம். அயர்லாந்தும் ஓராண்டு தள்ளியது, அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது. 1851க்குப் பிறகு முதல்முறையாக 50 லட்சத்தைத் தாண்டிய தொகை பதிவானது. தென்னாப்பிரிக்கா 2022 பிப்ரவரியில் நடத்தியபோது விடுபட்டவர்கள் 31 விழுக்காடு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மறு எண்ணிக்கை ஆய்வை வைத்துத் திருத்தித்தான் 6 கோடியே 20 லட்சம் என்ற எண் வந்தது. பிரேசில் 2020இல் தொற்றுக்காகத் தள்ளியது, 2021இல் பணம் ஒதுக்காததால் மறுபடி தள்ளியது, நீதிமன்றம் தலையிட்ட பிறகே 2022இல் நடந்தது. தள்ளிவைத்த கணக்கெடுப்பின் பணத்தை வேறு செலவுக்கு எடுத்துக்கொள்ளும் ஆசை எந்த அரசுக்கும் வரும். இலங்கையில் 2021க்கு உரிய தொகைமதிப்பு தொற்றிலும், பின்னர் வந்த பொருளாதார நெருக்கடியிலும் தள்ளிப்போய் 2024 டிசம்பரைக் குறிப்பு நாளாகக் கொண்டு முடிந்தது.

டென்மார்க் 1981இலிருந்தே அரசுப் பதிவேடுகளைக் கோத்துக் கணக்கெடுத்துவிடுகிறது, கதவே தட்டுவதில்லை. தொற்று அவர்கள் கணக்கெடுப்பைத் தொடவே இல்லை. அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது. பிறப்பு, இறப்பு, வீடு மாறுதல் என எல்லாம் உடனுக்குடன் பதிவாகும் பழக்கம் பல காலமாக ஊறியிருந்தால்தான் அது நடக்கும்.

அடுத்த தொற்றுக்கு முன் எதைத் தயார் செய்ய வேண்டும் என்று கேட்டால், கருவிகளைவிட முடிவுகளை என்பேன். தள்ளிவைப்பதாக இருந்தால் எவ்வளவு வரை, யார் முடிவெடுப்பது என்பதைச் சட்டத்தில் முன்பே எழுதிவைக்க வேண்டும். இப்போது எங்கே இருக்கிறீர்கள், வழக்கமாக எங்கே இருப்பீர்கள் என்று இரண்டு கேள்வியையும் கேட்டால், எந்த ஊர்க் கணக்கு என்பதைப் பிறகு உட்கார்ந்து பிரிக்கலாம். சரிபார்க்கும் அந்த இரண்டாவது வலைக்குரிய பணத்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

கணக்கெடுப்பு பிந்தினால் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்பவர்கள் உண்டு. தொற்றுக் காலமே அதற்குப் பதில் சொன்னது. தடுப்பூசி போட்டவர்கள் இத்தனை விழுக்காடு என்று தினமும் கேட்டோமே, அந்த விழுக்காட்டின் கீழே நிற்பது மக்கள்தொகை. அமெரிக்காவில் சில வட்டாரங்களில் அது 100ஐத் தொட்டுத் தாண்டியது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் இணையதளப் புள்ளிவிவரப் பலகையில் 95 விழுக்காட்டில் உச்சவரம்பு வைத்துவிட்டது.

இந்தியாவில் வீடுகளைப் பட்டியலிடும் பணி 2020 ஏப்ரல் 1இல் தொடங்க இருந்தது, மார்ச் 25இல் தள்ளிவைக்கப்பட்டது. 1881 முதல் 2011 வரை, உலகப்போரின் நடுவில் 1941இல்கூட, பத்தாண்டு தவறாமல் நடந்த வரிசை அறுந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எத்தனை பேருக்கு ரேஷன் உரிமை என்பது இன்னமும் 2011 தொகையை வைத்தே நிற்கிறது. அடுத்த கணக்கெடுப்புக்கு, பனி சூழும் சில பகுதிகளைத் தவிர்த்து, 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

1918இல் வந்த இன்ஃபுளுயன்சாவில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அந்தக் காலத்துப் பதிவேடுகளால் சொல்ல முடியவில்லை. பதிவு செய்ய வேண்டிய ஆட்களே படுத்துக் கிடந்தார்கள். 1911இல் இன்றைய இந்திய எல்லைக்குள் 25 கோடியே 20 லட்சம் பேர். 1921இல் எண்ணியபோது 25 கோடியே 13 லட்சம். கூடியிருக்க வேண்டிய தொகை குறைந்திருந்தது. தொற்று முடிந்து மூன்றே ஆண்டில் எடுத்த அந்தக் கணக்கை முந்தையதோடு ஒப்பிட்டுத்தான் ஆய்வாளர்கள் இழப்பின் அளவை மதிப்பிட்டார்கள். இந்தத் தொற்றுக்கு அந்தக் கழித்தலைப் போட வேண்டுமானால், ஒரு பக்கம் 2011 இருக்கிறது, மறுபக்கம் 2027. நடுவில் 16 ஆண்டு. அதில் 2020க்கும் 2021க்கும் உரியது எவ்வளவு என்று யாராவது கேட்டால், அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

வணக்கம்.